இருபத்தாறு டிகிரி

பதினொன்றரைக்கு மேடையேற வேண்டும். மணி பதினொன்று பத்து. மடிக்கணினித் திரையில் இருந்த வெப்பநிலை வரைபடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இளம் பருவநிலை ஆய்வாளர்களுக்கான கோடைப் பயிலரங்கின் கடைசி நாள். நல்லூரில் அருண்குமார் என்பவருடைய பனியன் கம்பெனியின் பாதிக் கூரைக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, இரண்டு பக்கமும் வெப்பத்தைப் பதியும் சின்னப் பெட்டிகளை இரண்டு நாளுக்கு மாட்டியிருந்தோம். அன்று காலைதான் கழற்றி வந்தோம். வெள்ளைக் கூரைக்குக் கீழே, அயர்னிங் டேபிள் பக்கம், இரண்டு நாளும் இருபத்தாறு டிகிரி. மறுபக்கம் முப்பத்தெட்டு வரை போயிருந்தது.

“பன்னெண்டு டிகிரி குறைஞ்சிருக்கு. பரிசு நமக்குத்தான்” என்றான் என் குழுவைச் சேர்ந்த ஜெபக்குமார். வாயெல்லாம் பல். நீராவி பறக்கிற இடத்தில் நடுப்பகலிலும் அதே இருபத்தாறா? இதுகூட உறைக்காதவனை யார்தான் ஆய்வுக்கு எடுத்தார்களோ.

அந்த டேபிளில் அயர்ன் போடுவது என் அம்மா ஒச்சாயி. வராந்தாவுக்கு ஓடிப்போய் போன் போட்டேன்.

“நான் மாட்டுன பெட்டிய யாராச்சும் எடுத்தாங்களாம்மா?”

“நாந்தான் தாயி எடுத்தேன். கம்பெனியச் சோதிக்க ஆடிட்டுக்கு ஆளு வந்தா, அயர்ன் டேபிள்ல பாதிய ஆஃப் பண்ணிட்டு ஃபேனப் போட்டு சூட்டக் கொறச்சுக் காட்டுவோம்ல, அது மாதிரிதான். சூடு காட்டுனா உனக்கு ஃபெயில் போட்டுருவாங்கன்னு சாம்பிள் ரூம் ஏசியில வச்சேன். காலையில திரும்ப மாட்டிட்டேன்.”

அம்மாவைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. போன சித்திரையில் அந்த டேபிளடியில் மயங்கி விழுந்தவள் அவள். பெயின்டே போதும் என்று தெரிந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்குவதை நிறுத்திவிடுவதாக அருண்குமார் சொல்லியிருந்தார். உண்மையைச் சொன்னால் அம்மாவுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் அந்தச் சூட்டிலேயே வேக வேண்டும்.

மேடையேறினேன். முன்வரிசையில் அருண்குமாரும் பயிலரங்கை நடத்தும் கீர்த்தனா மேடமும் உட்கார்ந்திருந்தார்கள். ஆய்வு உதவித்தொகைக்கு ஆள் எடுப்பவர் மேடம்தான். அவர் வைத்திருந்த பட்டியலில் என் பெயரும் இருந்தது.

“வெள்ளைப் பக்கத்து அளவு தப்புங்க” என்றேன். “பெட்டி ரெண்டு நாளும் ஏசி ரூம்ல இருந்திருக்கு. மறுபக்கத்து முப்பத்தெட்டு மட்டும் நெசம்.”

ஜெபக்குமார் என்னை முறைத்தான்.

“அப்ப ஃபேன் வாங்கித்தான் ஆகோணுமாட்ட இருக்குது. பரவால்லீங்க அம்மிணி” என்றார் அருண்குமார். குரல் தேனாக இருந்தது. “எடுத்து வெச்சது யாருன்னு மட்டும் சொல்லிப்போடுங்க.”

சோதிக்க வந்த ஆடிட்டரிடம் கம்பெனியைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட்ட டெய்லர் தங்கராஜிடமும் இப்படித்தான் இனிக்க இனிக்கப் பேசினாராம். மறுநாள் அவரைக் கேட்டுக்குள் விடவில்லை.

மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். “நான்தாங்க. நல்ல ரிசல்ட் வரோணும்னு வெச்சேன். ஜெபக்குமாருக்கு இது தெரியாதுங்க.”

கீர்த்தனா மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தைவிட நம்ப முடியாமைதான் அந்த முகத்தில் இருந்தது.

“தெரிஞ்சேவா செஞ்சீங்க நாகஜோதி?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“ஆமாங்க மேடம்” என்றேன்.

அவர் பேனாவைத் திறந்து என் பெயரை அடித்தார்.