தாயார் பெயர் பொன்னுமணி

என் பிறப்புச் சான்றிதழில் தாயார் பெயர் பொன்னுமணி என்று இருக்கிறது. என்னைப் பெற்றவள் பெயர் மாயக்காள். பொன்னுமணி என் பெரியம்மா, அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. நான்கு வருடத்துக்கு முன்பு தேவாரத்தில் மஞ்சள்காமாலையில் இறந்துபோனாள். விஷயம் இவ்வளவுதான். இதைப் புரியவைக்க நான் எத்தனை ஆபீஸ் படி ஏறினேன் என்று சொல்ல ஆரம்பித்தால் உங்களுக்கே அலுத்துவிடும்.

மலையில் இது ஊரறிந்த சங்கதி. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் பெரியம்மாவுக்கு நிரந்தரப் பேர் இருந்தது. பேர் என்றால் தோட்டத்து ஆள் பதிவேட்டில் இருக்கிற பேர். அது லேசில் கிடைக்காது. கல்யாணமாகித் தேவாரத்துக்கு இறங்கியபோது அதை விட மனசில்லாமல் தங்கச்சியை அந்தப் பேரில் ஏற்றிவிட்டுப் போனாள். காலையில் கங்காணி "பொன்னுமணி" என்று கூப்பிடுவார். அம்மா "இருக்கேன்" என்பாள். பதினாலு வருடம் அப்படியே ஓடியது. அக்கா பேரில் தங்கச்சி, மாமியார் பேரில் மருமகள் என்று அந்த லயத்து வரிசை வீடுகளில் பாதிப்பேர் அடுத்தவர் பேரில்தான் களை எடுத்தார்கள், காய் எடுத்தார்கள்.

நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தேன். நர்ஸம்மா பதிவேட்டைப் பார்த்துப் பேரை எழுதினார். அம்மா வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் வேலை போயிருக்கும். அப்பா ராக்கையாவின் பேர் மட்டும் சரியாக விழுந்தது. எங்கள் வீட்டில் அவர் ஒருத்தர்தான் தன் பேரிலேயே வேலை பார்த்தார்.

பள்ளிக்கூடத்தில் அப்பா பேரை மட்டும் கேட்டார்கள். ரேஷன் கார்டில் அம்மா பேர் ஒழுங்காக இருந்தது. இரண்டு காகிதத்தையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. முப்பத்தோரு வயதில் எனக்கு மஸ்கட் போகும் ஆசை வந்தது, பார்த்துவிட்டார்கள்.

ஆசை என்று சொல்வதுகூடத் தப்பு. என் வீட்டுக்காரர் முத்துக்கண்ணன் அங்கே ஏ.சி. மெக்கானிக். கல்யாணமாகி ஆறு வருடம். அதில் நாங்கள் ஒரு வீட்டில் இருந்தது மொத்தம் ஏழு மாதம். போனில் அவர் முகம் நன்றாகத் தெரியும், கழுத்துக்குக் கீழே எப்படி இருந்தார் என்பதுதான் மறந்துவருகிறது. இந்த வருடம் கம்பெனியில் குடும்பத்தோடு தங்க அவருக்கு இடம் ஒதுக்கினார்கள். மாதக் கடைசிக்குள் என் பாஸ்போர்ட் நம்பரைக் கொடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். "இந்தத் தடவ விட்டா அப்புறம் எப்பன்னு தெரியாது, அனுசியா" என்றார். அவர் கெஞ்சவில்லை, அவ்வளவு சொன்னாலே எனக்குப் போதும் என்று அவருக்குத் தெரியும்.

முதலில் நேர்வழியாகத்தான் போனேன். ஜீப்பில் மலையேறி, என் பிறப்பைப் பதிந்த பஞ்சாயத்து ஆபீஸுக்கு மூன்று தடவை போனேன். அங்கிருந்த கிளார்க் நல்ல மனிதர். பாதி மலையாளம் பாதித் தமிழில் பொறுமையாகச் சொன்னார். பேரை மாற்ற வேண்டுமானால் அம்மா என்று எழுதப்பட்டவரும் வர வேண்டும், அம்மா என்று சொல்பவரும் வர வேண்டும். எழுதப்பட்டவர் செத்துப்போனார் என்றேன். அப்படியானால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார். தோட்டத்து ஆஸ்பத்திரி இப்போது உர மூட்டை போடுகிற கொட்டகை.

போடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் சூர்யகலா அக்காதான் விண்ணப்பம் போட்டுத் தருகிறவள். எல்லாக் காகிதத்தையும் மேஜையில் பரப்பிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உள்ளதச் சொன்னா ரெண்டு வருசம் ஆகும். பேப்பர்ல உள்ளதச் சொன்னா இருபது நாளு. எதப் போட?"

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அவள் எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு தள்ளித் தனியாக இருக்கிறாள். முட்டி போய், மலையை விட்டு இறங்கியதிலிருந்து அங்கேதான். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"அக்கா பேரப் போட்டா மாப்ளகிட்டப் போயிருவியா?"

"போயிருவேன்."

"அப்பப் போடு ஆத்தா. இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். பத்து மாதம் சுமந்தவளைப் போய் இல்லாமல் ஆக்குகிறாயே என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ரசம் கேட்டாள்.

தேனியில் பாஸ்போர்ட்டுக்கான அப்பாயிண்ட்மெண்ட் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. போட்டோ எடுத்தார்கள், பத்து விரலையும் வைக்கச் சொன்னார்கள். கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்து, "மதர் நேம் பொன்னுமணி, கரெக்டா?" என்று கேட்டாள். கரெக்ட் என்றேன். நாக்கு கூசும் என்று நினைத்திருந்தேன். பஸ் டிக்கெட் கேட்பது மாதிரிதான் இருந்தது.

அடுத்தது போலீஸ் விசாரணை. ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது: அக்கம்பக்கத்தில் இருக்கிற இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வரவும், சொந்தக்காரர்கள் கூடாது. எதிர்வீட்டு மொக்கையன் அண்ணன் வர்றேன் என்றார். மேலவீட்டு சந்திரவல்லி அக்காவும் வர்றேன் என்றாள். காலையில் பார்த்தால் சந்திரவல்லி அக்காவின் கதவில் பூட்டு. ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடக்கிற சமயம், தோட்டத்து ஜீப்பு வந்து ஹாரன் அடித்ததும் பழக்கத்தில் ஏறிப் போய்விட்டாள். மலையில் டவர் இல்லை. அம்மா என் பையைத் தூக்கிக்கொண்டு துணைக்கு வந்திருந்தாள்.

"ஸ்டேஷன்ல என்னைய அம்மான்னு கூப்பிட்டுறாத" என்று வழியில் அவளே சொன்னாள்.

ஏட்டுக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டையில் ஈஸ்வரன் என்று பேர் இருந்தது. மரியாதையாக உட்காரச் சொன்னார். அம்மா பின்னால் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தாள். என் பேர், படிப்பு, வீட்டுக்காரர் வேலை, வழக்கு ஏதும் உண்டா என்று வரிசையாகக் கேட்டு எழுதினார்.

"அப்பா?"

"இல்ல சார். தவறிட்டாரு."

"அம்மா இருக்காங்களா?"

"இல்ல சார். இறந்துட்டாங்க."

"எப்போ?"

"நாலு வருசமாச்சு."

பெஞ்சு எனக்கு நான்கடி பின்னால்தான். அம்மா இருமினாள். அவளுக்கு எப்போதும் உள்ள இருமல்தான். நான் திரும்பவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே கை விட்டுத் துழாவினாலும் ஒன்றும் கிடைக்காது போல இருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மொக்கையன் அண்ணன் கையெழுத்துப் போட்டார். ஏட்டு இன்னொரு சாட்சி எங்கே என்றார். வேலைக்குப் போய்விட்டாள், நாளைக்குக் கூட்டி வருகிறேன் என்றேன்.

"நாளையில இருந்து நான் பந்தோபஸ்து டூட்டிம்மா. இனிமே அடுத்த வாரம் வியாழக்கிழமைதான்."

அடுத்த வியாழக்கிழமை என்றால் மாதக் கடைசி தாண்டிவிடும். அதை அவரிடம் சொல்ல வாய் எடுப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் போடுறேன் சார். நானும் அதே தெருதான்."

அம்மா எழுந்து வந்துவிட்டாள். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஆதார் கார்டை எடுத்து மேஜையில் வைத்தாள். ஏட்டு அதைப் பார்த்து எழுத ஆரம்பித்தார். பேர் மாயக்காள். கணவர் பேர் ராக்கையா. பேனா நின்றது. என் விண்ணப்பத்தைப் புரட்டினார். தகப்பனார் பெயர் ராக்கையா.

இதை நான் யோசிக்கவே இல்லை. மொக்கையன் அண்ணன் சுவரில் ஒட்டியிருந்த காணவில்லை நோட்டீஸைப் படிக்கத் தொடங்கினார்.

"எங்க பக்கம் தெருவுக்கு ரெண்டு ராக்கையா இருப்பாக சார்" என்றாள் அம்மா.

ஏட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். எனக்கும் அம்மாவுக்கும் முன்பல் இரண்டும் ஒரே மாதிரி விலகியிருக்கும். நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"இந்தப் பொண்ண எத்தன வருசமாத் தெரியும்?"

"முப்பத்தோரு வருசம் சார்."

நாங்கள் அந்தத் தெருவுக்கு வந்தே ஆறு வருடம்தான். ஆறு என்று சொல்லியிருக்க வேண்டும். பொய் சொல்ல வந்தவளுக்கு அந்த ஒரு இடத்தில் மட்டும் சொல்லத் தெரியவில்லை. ஏட்டு விண்ணப்பத்தில் என் வயதைப் பார்த்தார்.

"சொந்தமா?"

"இல்ல சார்."

"பொண்ணு எப்படி?"

"தங்கமான பொண்ணு சார். ஒரு வம்பு தும்புக்குப் போகாது. அவுக அம்மா இருந்திருந்தா சந்தோசப்பட்டிருக்கும்."

ஏட்டு கொஞ்ச நேரம் பேனாவை விரலில் உருட்டினார். அம்மாவின் பேருக்கு நேராக ஒரே ஒரு வார்த்தை எழுதினார்.

"அம்மா, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

ஊர் பேர் தெரியாதவர்கூட அவளை அம்மா என்று கூப்பிடலாம். அந்த அறையில் அப்படிக் கூப்பிட முடியாத ஒரே ஆள் நான்தான். அவளுக்கு எழுதத் தெரிந்தது அவள் பேர் மட்டும்தான். கீழே இறங்கி வந்த பிறகு நான் கற்றுக்கொடுத்தது. ஐந்து எழுத்தையும் தனித்தனியாக, அழுத்தி எழுதினாள்.

மொக்கையன் அண்ணன் வாசலிலேயே கழன்றுகொண்டார். நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்தோம். நல்ல வெயில். கொஞ்ச தூரம் போனதும் அம்மா கேட்டாள்.

"என் பேருக்கு நேரா என்னமோ எழுதுனாரே, என்னது ஆத்தா?"

"தெரிந்தவர்னு எழுதியிருக்காரும்மா."

"அம்புட்டுத்தானா?"

"ம்."

"நல்லதாப் போச்சு. சொந்தம்னு எழுதியிருந்தா தள்ளிவிட்டிருப்பாக." பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "வெரசா மாப்ளைக்குப் போன் போட்டுச் சொல்லு."

போனை எடுத்தேன். நம்பரை அழுத்துவதற்குள் அவள் மறுபடி கேட்டாள். முகத்தில் கிண்டல்கூட இல்லை, பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற மாதிரி.

"அப்ப, நான் செத்துப்போனேன்னா உன்னைய அங்கயிருந்து வர விடுவாகளா? தெரிஞ்சவுக செத்ததுக்கெல்லாம் விடுவாகளா?"

என் வீட்டுக்காரர் கம்பெனியில் லீவு கேட்க வேண்டும். யார் இறந்தது என்று கேட்பார்கள். மாமியார் என்றால், பாஸ்போர்ட்டில் தாயார் பெயர் பொன்னுமணி என்றல்லவா இருக்கிறது, இந்த மாயக்காள் யார் என்பார்கள்.

"விட மாட்டாகம்மா" என்றேன்.

காலையிலிருந்து அம்மாவைப் பற்றி நான் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம். நடுரோட்டில், ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்க அடிக்க, அவள் புஜத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

"சரி, விடு" என்றாள் அம்மா. "நீ போன் போடு."