தனிமுராவின் நடை

திரையில் அந்த ஜப்பான் கிழவன் எழுந்து வாசலுக்கு நடந்ததும் ராமுத்தாய் சோலைமலையின் கையை இறுகப் பிடித்தாள்.

"தம்பி, இது ஒங்க அண்ணன் நடையில்ல?"

இதைக் காட்டத்தான் அண்ணன் பெண்டாட்டியை நிலக்கோட்டையிலிருந்து பஸ் ஏற்றி, திண்டுக்கல்லில் ஞாயிற்றுக்கிழமை காலைக்காட்சிக்குக் கூட்டி வந்திருந்தான். ஆனால் அவளே கேட்டதும், "ஆமா மதினி" என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

சின்ன வயதில் பாரவண்டிச் சக்கரம் ஏறிய வலது கால் அது. அண்ணன் பொம்மையன் அதைப் பக்கவாட்டில் வீசி, வாய்க்காலைத் தாண்டுகிறவன் மாதிரி ஒரு எட்டுப் போட்டுத்தான் ஊன்றுவான். இந்தப் பக்கத்துப் பதினெட்டுப் பட்டியிலும் இன்னொருத்தனுக்கு அப்படி நடக்க வராது. கடல் தாண்டி ஒருத்தனுக்கு வந்திருக்கிறது.

கல்யாணமான ஆறாம் மாதமே பொம்மையன் தம்பியையும் கூட்டிக்கொண்டு மலேயாவுக்கு, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனான். ஜப்பான்காரன் வந்து இருவரையும் சயாமுக்கு ரயில்பாதை போட இழுத்துப் போனான். அந்த முகாமில் காவல் நின்ற சிப்பாய்தான், இப்போது திரையில் கிழவன் வேஷத்தில் நடக்கிற இந்தத் தனிமுரா. சாயங்காலம் சோற்று வரிசையில் பொம்மையன் பின்னாலேயே, அச்சு அசலாக அவனைப் போல நடந்து காட்டுவான். மற்ற சிப்பாய்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கொடுமை என்னவென்றால் பொம்மையனும் சேர்ந்து சிரிப்பான். அன்றைக்கு ஒரு அகப்பைச் சோறு கூட விழும். பிறகு வாந்திபேதி வந்தது. நாலாம் நாள் அண்ணனைத் தூக்கிப் போய்க் குழியில் போட்டவன் சோலைமலைதான்.

நாற்பத்தாறில் அவன் மட்டும் ஊர் வந்து சேர்ந்தபோது, "ஒங்க அண்ணன் எங்க?" என்றாள் ராமுத்தாய். "பின்னாடி வாரான்" என்று சொல்லிவிட்டான். கொஞ்ச நேரம் கழித்துப் பக்குவமாகச் சொல்லலாம் என்றுதான் இருந்தான். அந்தக் கொஞ்ச நேரம் பதினைந்து வருடமாகிவிட்டது. அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் தலைக்குக் குளித்துத் தாலிக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துப் பார்த்து அவனுக்கு அலுத்துவிட்டது. வாயால் முடியாததை இந்த நடை சொல்லிவிடும் என்று போன ஞாயிறு இதே படத்தைப் பார்த்தபோது தோன்றியது.

இடைவேளையில் வாசலில் கொடுத்த நோட்டீஸை அவளுக்கு வாசித்துக் காட்டினான். பட்டாளத்தில் கேலி நடிப்பில் தொடங்கியவராம். நூறு படம் நடித்தவராம். இந்த நொண்டி நடைக்கு மட்டும் மூன்று பரிசாம். டோக்கியோவில் பள்ளிப் பிள்ளைகள் அப்படி நடந்து விளையாடுகிறார்களாம். பொம்மையன் என்ற பெயர் அதில் எங்கே இருக்கப்போகிறது.

"படம் எப்ப எடுத்ததாம்?"

"போன வருசம்."

ராமுத்தாய் கையிலிருந்த கடலையைத் தின்னாமல் யோசித்தாள்.

"அப்ப அவுகளப் பாத்துத்தான தம்பி இவன் கத்துருப்பான்? அவுக ஜப்பான்லதான் இருக்காக. இந்த ஆளுக்கே ஒரு காயிதம் எழுதிப் போடுவோம். அம்புட்டுப் பெரிய மனுசன், வெலாசமா கெடைக்காது?"

கல்யாணத்தன்றுகூட அந்த முகம் இப்படி மலர்ந்து அவன் பார்த்ததில்லை. செத்தவனைக் காட்டக் கூட்டி வந்தான். அவள் அவனை உயிரோடு எழுப்பி, விலாசமும் தேடிக்கொண்டிருக்கிறாள். இப்போது சொல்லாவிட்டால் நாளைக்கு அந்தக் கடிதத்தையும் தன் கையால்தான் எழுத வேண்டும்.

மணி அடித்தது. விளக்கு அணைந்ததும் அவள் பக்கம் குனிந்தான்.

"மதினி, அண்ணன் அங்க இல்ல. சயாம்லயே போயிட்டான். நான்தான் குழியில போட்டேன்."

பின்வரிசையில் யாரோ உஷ் என்றார்கள்.

"வெளிய போயிருவோமா?" என்றான்.

"படம் முடியட்டும்" என்றாள் ராமுத்தாய். "முடியுற மட்டும் அவுக நடக்கட்டும்."

திரையில் கிழவன் மழையில் நனைந்த வரப்பின்மேல் வலது காலை வீசி வீசிப் போய்க்கொண்டிருந்தான். அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வரப்பு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது.