நூற்றியொரு டிகிரி

செனைடா கடைசிக் குவளைத் தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றினாள். உஸ்ஸென்று எழும்பிய ஆவி குச்சிக் குடிலுக்குள் நிறைந்து தங்கையின் முகத்தை மறைத்துவிட்டது.

"போதும்க்கா. மூச்சு முட்டுது."

"தலைவலி இறங்கணுமா வேண்டாமா? கொஞ்சம் பொறுத்துக்க புள்ள."

ஒடிலியாவுக்கு எட்டாம் மாதம். மூன்று நாளாகத் தலை பிளக்கிறது. கண்ணுக்கு முன்னால் மினுமினுவென்று பூச்சி பறக்கிறது என்கிறாள். கால் வீங்கி, புருஷன் ஃபிடென்சியோவின் செருப்புதான் நுழைகிறது. சொந்த நாட்டில், வஹாக்கா மலையில் அவர்கள் ஊர்ப் பெண்களைக் கேட்டால் ஒரே பதில்தான்: குளிர் உடம்பில் ஏறிவிட்டது, ஆவியில் உட்கார வை, பிறகு காற்றுப் படாமல் போர்த்து. கலிபோர்னியாவுக்கு ஸ்ட்ராபெரி பறிக்க வந்த பிறகும் அந்த வழக்கம் விட்டுப்போகவில்லை. வாடகைக்குக் குடியிருக்கும் கார் கொட்டகைக்குப் பின்னால் குச்சியும் கம்பளியுமாக ஒரு குடில். ஆற்றுப் படுகையில் பொறுக்கிய ஏழு கல்.

கொரோனா வந்ததிலிருந்து மருத்துவமனையில் எல்லாம் போனில்தான். ஸ்பானிஷில் ஒரு பெண் கேட்பாள். மலைமொழியான மிஸ்தெக் மட்டுமே பேசி வளர்ந்த ஒடிலியா பாதி புரியாமலே, நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று சொல்லி வைப்பாள். பதினொரு வாரமாக அவள் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தவர் யாருமில்லை. இன்றைக்குத்தான், காலை பத்து மணிக்கு, நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

இரண்டு கம்பளி, தலைக்குக் குல்லாய், வேனில் சூடு முழுக்கத் திருகி வைத்தாயிற்று. வெளியே வெயில்.

"என்னை மூட்டை கட்டி சந்தைக்கா கொண்டுபோற?"

"விலை போகமாட்டே. பேசாம வா."

செனைடாவிடம் லைசென்ஸ் இல்லை. வழியில் ஒரு போலீஸ் வண்டி பின்னாலேயே வந்தபோது அவள் வாய்க்குள் மாதாவை அழைத்துக்கொண்டாள். அது திரும்பிப் போன பிறகும் ஊர்ந்தேதான் ஓட்டினாள்.

"நீ ஓட்டுற லட்சணத்துக்கு இது வயித்திலேர்ந்து இறங்கி நடந்தே போயிடும்," என்றாள் ஒடிலியா. சிரிக்கப் போனவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் பிளாஸ்டிக் அங்கி போட்ட ஒருத்தி, துப்பாக்கி மாதிரியான சூடுமானியை ஒடிலியாவின் நெற்றிக்கு நேரே நீட்டினாள். அது கீச்சென்று கத்தியது.

"நூத்தியொண்ணு. காய்ச்சல் இருக்கும்மா. உள்ள விட முடியாது."

"டாக்டர் பத்து மணிக்கு வரச் சொன்னாங்க," என்றாள் செனைடா, தனக்குத் தெரிந்த ஸ்பானிஷில்.

"எனக்குச் சொன்னதை நான் செய்றேன். அந்தக் கூடாரத்துல மூக்குல குச்சி விட்டுப் பார்ப்பாங்க. முடிவு வர ரெண்டு நாள் ஆகும். அப்புறமா போன் பண்ணுங்க."

காய்ச்சல் இல்லை, நான்தான் ஆவியில் உட்கார வைத்தேன். செனைடாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் போன வருஷம் பக்கத்துக் கொட்டகை ஹெர்மெலிண்டா இப்படித்தான் வேறொரு ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொன்னாள். மறுவாரமே, பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோகும் அரசாங்க ஆபீஸிலிருந்து கோப்பும் கையுமாக ஒரு அம்மாள் வந்து, பிள்ளைகள் படுக்கும் இடத்தையெல்லாம் போட்டோ எடுத்துப் போனாள். அன்றிலிருந்து அங்கிருக்கும் பெண்கள் யாரும் ஆவியைப் பற்றி வெளியில் மூச்சு விடுவதில்லை. செனைடாவும் விழுங்கிக்கொண்டாள்.

கூடாரத்தில் குச்சி விட்டு முடிந்ததும் வேனில் ஏறி, கம்பளிகளை உருவினாள். குல்லாயைக் கழற்றினாள். எந்தக் காற்றுக்குப் பயந்து இவ்வளவும் போர்த்தினாளோ, அந்தக் காற்றுக்கே கண்ணாடிகளை இறக்கிவிட்டாள்.

"குளிருதுக்கா."

"ஆறட்டும்டி. ஆறினா உள்ள விட்டுருவாங்க."

அரைமணி கழித்து மறுபடி வாசல். இப்போது சூடுமானி கத்தவில்லை.

"தொண்ணூத்தெட்டு," என்றாள் அங்கிக்காரி. பிறகு திரையைப் பார்த்தாள். "உங்க பேர் சிவப்புப் பட்டியல்ல ஏறிடுச்சே, முடிவு வராம விட முடியாது. மாத்திரை போட்டு இறக்கிட்டு வர்றவங்க நிறைய பேரும்மா. நானும் வீட்டுல ரெண்டு பிள்ளைங்களை வெச்சிருக்கேன்."

செனைடா வாயைத் திறந்தாள். அங்கிக்காரியின் கையிலிருந்த கோப்பு கண்ணில் பட்டது. மூடிக்கொண்டாள்.

வேன் கதவைத் திறக்கும்போதே ஒடிலியாவின் கை விறைத்தது. கண் மேலே செருகியது. உடம்பு வெட்டி வெட்டி இழுக்க, செனைடா அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டு கத்தினாள். இப்போது எந்தச் சூடுமானியும் வரவில்லை. நாலு பேர் தள்ளுவண்டியோடு ஓடிவந்து அவளை மட்டும் உள்ளே கொண்டுபோனார்கள்.

செனைடா வேனிலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு மணிக்கு மேல் போன் வந்தது. ஒரு ஆண் குரல், நிறுத்தி நிறுத்திப் பேசியது. பெண் குழந்தை, வயிற்றைக் கீறி எடுத்தாயிற்று, கண்ணாடிப் பெட்டியில் உயிரோடு இருக்கிறது. "கடைசியா ரத்த அழுத்தம் எப்ப பார்த்தாங்க?" என்று கேட்டது. பதினொரு வாரம் என்றாள். அப்புறம்தான் மற்றதைச் சொன்னது: ரத்த அழுத்தம் ஏறித்தான் இழுப்பு வந்தது, தாய் பிழைக்கவில்லை.

சாவையும், வாசலில் காய்ச்சல் என்று தடுத்ததையும் போனில் சொல்லிவிட்டு அவள் கொட்டகைக்குத் திரும்பியபோது, பெண்கள் மூக்கு வாய் மூடி, தள்ளித் தள்ளி நின்று, செத்தவளுக்காகத் தரையில் சுண்ணாம்பால் சிலுவை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபிடென்சியோ வயல் சட்டையோடு ஓரமாக நின்றான். விரலெல்லாம் பழச் சிவப்பு.

"மதினி, காய்ச்சல் எப்ப வந்துச்சு?"

அவள் சிலுவையை மிதிக்காமல் சுற்றி நடந்தாள்.

"காலையில வேலைக்குப் போறப்ப நெத்தியைத் தொட்டுப் பார்த்தேனே. ஜில்லுன்னுதானே இருந்துச்சு."

"கொரோனா அப்படித்தான் தம்பி. திடீர்னு ஏறும்," என்றாள் ஹெர்மெலிண்டா. சொல்லிவிட்டு செனைடாவின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சுண்ணாம்புக் கிண்ணத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செனைடா பின்பக்கம் போனாள். குச்சிகளைப் பிடுங்கினாள். கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வேலியோரம் போட்டாள். ஆறு கல் ஆறிப் போயிருந்தன. நடுவில், சாம்பலுக்குள் புதைந்திருந்த பெரிய கல்லில் மட்டும் சூடு இருந்தது.

அவள் அதை எடுக்கவில்லை. வேனுக்குப் போய் ஒடிலியாவின் கம்பளியை எடுத்துவந்து, கல்லைச் சுற்றி, ஓரங்களை உள்ளே செருகி, காற்றுப் படாமல் போர்த்தினாள்.