கழற்றிய பல்பு

மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய அவளுடைய இத்தாலிய கார், வேலைக்குப் போகும் வழியில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது.

மெக்கானிக் டாஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தார். "ஆயில் கொறைஞ்சா எரியிற லைட்டோட பல்பை யாரோ எடுத்திருக்காங்கம்மா. அது எரிஞ்சிருந்தா அப்பவே நிறுத்தியிருப்பீங்க."

"நான்தான் எடுத்தேன்," என்றான் கூட வந்திருந்த கணவன். "கெழட்டு வண்டி, சும்மா சும்மா கண்ணடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பேசாம பழைய இரும்புக்குப் போட்டுடு."

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் அழுதால் டிவி சத்தத்தைக் கூட்டிவைக்கிறவன்தானே.

"அண்ணே, எத்தனை நாளானாலும் சரி, இன்ஜினைப் பிரிச்சு சரி பண்ணுங்க," என்றாள். கணவனிடம் கை நீட்டினாள். "உங்ககிட்ட இருக்கிற சாவியைக் குடுங்க. இனி இந்த வண்டியில உங்க கை படக்கூடாது."

"ஒரு பல்புக்கா இந்த ஆட்டம்?"

"ஆமா, பல்புக்குத்தான்."

அவன் சாவியை எண்ணெய் படிந்த தரையில் விட்டெறிந்தான். மெக்கானிக் பார்த்துக்கொண்டிருக்க, அவள் குனிந்து எடுத்துக்கொண்டாள். வெட்கமாகவே இல்லை.