மெஷின் ஓடும் வரை பாடலாம்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. என் சட்டைகளைத் துவைத்துத் தரும் அக்கா சொன்னது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்; பிறகு நான் அடிக்கும் கூத்துக்கெல்லாம் அவர் பொறுப்பல்ல. (சலவைக்கடைதானா என்று கேட்காதீர்கள். கடையையும் மாற்றியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் நல்லது.)

எழுதி அடித்த தொடக்கம்: ‘இருள் கவிந்த அந்நகரில் விசுவாசத்தின் சிறு சுடர் ஒன்று...’

வேண்டாம். நடந்தது பட்டப்பகலில். நல்ல வெயில் வேறு.

2

அனுமதியில்லாமல் எங்கேயும் கூடி ஜெபிக்கக் கூடாது என்று அங்கே சட்டம். ஆகவே சபை ரகசியமாகக் கடையின் பின்னறையில் கூடியது. அக்காவின் கணவர் கடைக்கு இஸ்திரி போடுபவர், சபைக்குப் போதகர். பெரிய சலவை மெஷின் ஓடும்போது அந்த இரைச்சலுக்குள் பாடுவார்கள். தண்ணீர் வடியும்போது சத்தம் அடங்கும். அப்போது வாய்க்குள் ஜெபம். துணியைப் பிழிய மெஷின் தடதடவென்று சுற்றும்போது மறுபடி பாட்டு, அடிவயிற்றிலிருந்து. ஆராதனை முறைமையை வகுத்துக் கொடுத்தது மெஷின்தான். கம்பளிகள் நிறைய வந்த வாரம் நீண்ட ஆராதனை.

ஒரு நாள் மெஷினைப் போட்டது சபையில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ். துணி கொஞ்சம்தானே, கரண்டாவது மிச்சமாகட்டும் என்று, சீக்கிரம் முடியும் பொத்தானை அழுத்திவிட்டாள். பாட்டின் நடுவில் மெஷின் பொசுக்கென்று நின்றது. மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்த நர்ஸின் குரல் மட்டும் ஒரு வரி முழுக்கத் தனியாகப் போனது. கடையின் முன்பக்கம், துவைத்த சீருடையை வாங்க வந்த இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார்.

போதகர் இஸ்திரிப்பெட்டியும் கையுமாக வெளியே வந்தார்.

“யாருய்யா பாடினது?”

“நான்தான் சார்.”

“பொம்பளக் குரல் கேட்டுச்சே?”

“எனக்குக் கொஞ்சம் கீச்சுக் குரல் சார்.”

அவரை மட்டும் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் பின்வாசல் வழியாகக் கலைந்துவிட்டார்கள்.

(போதகர் பொய் சொல்லலாமா என்று அக்காவிடம் கேட்டேன். “அவரும் பாடினாருதானே? கீச்சுக் குரலும் நெசம்தான். கல்யாணத்தன்னிக்கே எனக்குச் சிரிப்ப அடக்க முடியல” என்றார்.)

3

இனி இன்ஸ்பெக்டர். ‘முறுக்கிய மீசைக்குள் நகைத்தபடி அவர்...’ என்று எழுதினேன். “அவருக்கு மீசையே கிடையாதுங்க” என்றார் அக்கா.

அதற்குப் பிறகும் அவர் அதே கடைக்குத்தான் சீருடை போடுகிறார். வாரம் தவறாமல் வருவார். துணிமூட்டையை மேஜையில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்: “கூட இருந்தவங்க யாருன்னு மட்டும் சொல்லுங்கம்மா. இன்னிக்கே அவரை வீட்டுக்கு அனுப்பிடறேன்.”

அக்காவின் பதில்: “வெள்ளிக்கிழமை வாங்க சார். ரெடியா இருக்கும்.”

இந்த இடத்தில் எனக்குக் கை பரபரத்தது. அக்கா அந்தச் சீருடையில் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டுவதாக எழுதி, அவரிடமே படித்துக் காட்டினேன்.

“அந்தத் துணி என்னங்க பாவம் பண்ணுச்சு? அவருக்கும் சேத்துத்தான் ஜெபம் பண்றேன்.”

இவ்வளவு நல்லவரை வைத்துக்கொண்டு கதை பண்ண முடியாது. என்னால் நம்பவும் முடியவில்லை. எரிச்சலோடு, “உங்களுக்குக் கோபமே வராதா அக்கா?” என்றேன்.

“வராம? புள்ளைங்க ரெண்டும் அப்பா வேணும்னு அழுது காய்ச்சல்ல படுத்த வாரம், இன்ஸ்பெக்டர் வந்து கேட்டப்ப நர்ஸ் பேரு நுனி நாக்கு வரைக்கும் வந்துருச்சு. அவளாலதானேன்னு ஆத்திரம். அந்த நேரம் உள்ள மெஷின் நின்னுச்சு. துணி எடுக்கப் போயிட்டேன்.”

“அற்புதம்!”

“அப்படியெல்லாம் எழுதிராதீங்க. துணி முடிஞ்சுது, நின்னுச்சு. திரும்பி வந்தப்ப சொல்ல மனசு வரல, அவ்வளவுதான்.”

அப்போதுதான் அவரை முழுசாக நம்பினேன்.

நர்ஸ் அழுதுகொண்டே ஓடி வந்தாளாம். “நானே போய்ச் சொல்லிடறேன் அக்கா.” அக்கா அவளைப் பிடித்து உட்காரவைத்தார். “உன்னைக் காப்பாத்தத்தான் அவரு உள்ள இருக்காரு. அதைக் கெடுத்துராத. போய் டியூட்டியப் பாரு.”

4

முடிவுக்கு வருவோம்.

அ) இன்ஸ்பெக்டர் மனம் மாறி, அதே பின்னறையில் முழங்கால் படியிடுகிறார். (எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

ஆ) அக்கா பெயர்களைச் சொல்லிவிடுகிறார். கணவர் வீடு திரும்புகிறார். சாப்பாட்டு மேஜையில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர்... (இதற்கு மேல் எழுத ஓடவில்லை.)

இ) போதகர் சிறையிலேயே இறக்கிறார். சபை பெருகுகிறது.

மூன்றாவதுதான் இலக்கியம் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையோடு படித்தும் காட்டினேன். அக்கா கையிலிருந்த தலையணை உறையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“அவரு உயிரோட இருக்காருங்க. போன வாரம்தான் பாத்தேன். ரொம்ப இளைச்சுட்டாரு. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, ‘அந்தப் பொண்ணு சரியாச் சாப்பிடறாளா’ன்னு நர்ஸப் பத்திக் கேக்கறாரு.”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவசரமாக, “விடுதலையாகி வர்ற மாதிரி மாத்திடட்டுமா அக்கா?” என்றேன்.

“அதையும் நீங்க எழுத வேணாம். நான் இன்னும் ஜெபத்துல கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். பதில் வர்றதுக்குள்ள நீங்க முந்திக்காதீங்க.”

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் மூன்று முடிவுகளையும் அடித்துவிட்டேன். ஜெபிக்கத் தெரிந்தவர்கள் அவருக்காக ஜெபியுங்கள். என்னைப் போன்றவர்கள், தயவுசெய்து, மனதுக்குள்கூட இந்தக் கதையை முடித்துவிடாதீர்கள். அவர் இன்னும் உள்ளே இருக்கிறார்.