தொண்ணூற்றொன்பதில் நின்றது

கிட்டே வாங்க கண்ணுகளா, காலை நீட்டி உட்காருங்கள். பூ மாதிரி ஒரு கதை சொல்லத்தான் ஆசை. இன்றைக்கு நாக்கில் முள்தான் வந்து நிற்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைகளில் நோயாளிகளைப் பதிகிற கணினிகளுக்கு மென்பொருள் செய்கிற ஒரு கம்பெனி. அந்த மென்பொருளைப் புதுப்பிக்கத் தனியாக ஒரு சின்ன அப்டேட்டர் எழுதியவன், அங்கே சோதனைப் பிரிவைக் கவனிக்கிறவளின் தங்கை புருஷன். வேலைக்குச் சேர்த்துவிட்டவளும் அவள்தான். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு துரும்பும் வெளியே போகாது.

அப்டேட்டரைப் பெரிய மென்பொருளுக்குள் முழுசாக இணைக்க இன்னும் நாலு மாதம் ஆகும். இணைத்துவிட்டால், தப்பு வந்தாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே சரிசெய்யலாம். தனியாக அனுப்பினால் முடியாது. ஊரையெல்லாம் திருத்துகிற அதற்குத் தன்னைத் திருத்திக்கொள்ளத் தெரியாது. ஆள்தான் நேரில் போகவேண்டும்.

பன்னிரண்டு கணினிகளில் ஓட்டிப் பார்த்தாள். ஏழாவதில் நடுவே மின்சாரம் போய் வந்தது. தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் நின்றது, நின்றதுதான். திரையில் அவன் விளையாட்டாக எழுதிவைத்த வரி மட்டும்: "கொஞ்சம் பொறுங்க கண்ணு, இதோ முடிஞ்சிடும்."

"தம்பி, ஏழாவது படுத்துருச்சு."

"கரன்ட் போனா யாருதான்க்கா ஓடுவா? இணைக்கிறப்போ பாத்துக்கலாம். நாலு மாசம்னா என்னை யாரு வச்சிருப்பா, சொல்லுங்க."

மேலாளரும் சிரித்துக்கொண்டே அதையேதான் சொன்னார். "இந்த வாரம் இது தனியாவே வெளிய போகலேன்னா அவருக்கு இங்க வேலை இல்லம்மா. உங்க வீட்டு மாப்பிள்ளை. நீங்களே முடிவு பண்ணுங்க."

தங்கை முகம் கண்ணுக்குள் வந்தது. சோதனைத் தாளில் ஏழாவது வரியை அடித்துவிட்டு, 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஒன்பதே நாள். நடுவே மின்சாரம் போய் வந்த நானூறு மருத்துவமனைகளில் திரை நின்றது. மேலாளர் இருவரையும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இது உங்க கண்ணுல படவே இல்லையாம்மா?"

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பயந்து அல்ல, அக்கா பார்த்துக்கொள்வாள் என்று.

"அவர் எங்கிட்ட மறைச்சுட்டார் சார்."

'அவர்' என்றாள், கேட்டீர்களா? அத்தனை நாளும் 'தம்பி' என்று கூப்பிட்ட வாய். அவன் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "வர்றேங்க்கா" என்றான், பழக்கதோஷம்.

நின்றுபோனவற்றைச் சரிசெய்ய ஆள் போதவில்லை. மறுவாரம் அவளையும் பையோடு அனுப்பினார்கள், தங்கை வேலை பார்க்கிற மருத்துவமனைக்கே. வரவேற்பு மேசையில் தங்கை நோயாளிகளின் பேரைக் கையால் எழுதிக்கொண்டிருந்தாள். முன்னால் இருபது பேர், ஒருத்தி தோளில் காய்ச்சல் குழந்தை.

"இந்தக் கம்ப்யூட்டரைப் பாக்க வந்திருக்கேன்டி" என்றாள் இவள், மெதுவாக.

தங்கை பேனாவை வைக்கவில்லை. "வரிசையில வாங்க மேடம்."

கடைசியில் போய் நின்றாள். இருபது தலைகளுக்கு மேலே திரை தெரிந்தது. கொஞ்சம் பொறுங்க கண்ணு, இதோ முடிஞ்சிடும்.

உங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் 'மேடம்' ஆகாமல் இருக்கட்டும். கூடப்பிறந்தவர்கள் வந்தால் உங்கள் கதவு தட்டாமலே திறக்கட்டும். நன்றாக இருங்கள்.