பெட்டியைப் பிரித்த பிறகுதான் நம்பர்

போன வருடம் எனக்கு வந்தது மூன்று செங்கல். மருந்தடிக்கும் மெஷின் என்று போனில் பார்த்துப் பணம் கட்டியிருந்தேன். கொல்லிமலைக்கு எந்தக் கொரியர்க்காரன் எழுபது வளைவு ஏறி வருவான்? சேந்தமங்கலத்தில் ஜாபர் உசேன் பாய் மளிகைக் கடையில் பெட்டியை வைத்துவிட்டு, ஓ.டி.பி. கேட்டுப் போன் போடுவார்கள். நாங்களும் காட்டில் நின்றபடியே நம்பரைச் சொல்லிவிடுவோம். மறுநாள் பஸ்ஸில் பெட்டி வரும். நம்பரைச் சொன்னால் பொருள் நல்லபடி கிடைத்தது என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரியாம். அதைச் சொல்லியே விற்றவன் கையை விரித்துவிட்டான்.

இந்த வருடம் வேறொரு ஆளிடம் மிளகு உதிர்க்கும் மெஷின் கேட்டிருந்தேன். ஆசைக்கு வாங்கவில்லை. வருடா வருடம் மிளகுச் சரத்தை மிதித்து மிதித்து என் வீட்டுக்காரர் தனபாலுக்குப் பாதமெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. இருந்த இரண்டு ஆட்டையும் விற்றாயிற்று. இதுவும் போனால் விற்க எதுவுமில்லை. 'பிரித்துப் பார்த்துப் பணம் தரலாம்' என்று விளம்பரத்தில் இருந்ததைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். என் பேச்சைக் கேட்டு, மலையிலேயே ஆலத்தூர் நாட்டில் வாழ்க்கைப்பட்ட தங்கை பொன்னாயியும் அதே ஆளிடம் ஒன்று கேட்டிருந்தாள். அவசரக்குடுக்கை, பணத்தை முன்னாலேயே கட்டிவிட்டாள்.

டெலிவரிக்காரர் போன் செய்ததும், "நம்பர் சொல்ல மாட்டேனுங்க. நானே வாரேன்" என்று பஸ் ஏறினேன்.

பாய் கடை வாசலில் பெட்டி இருந்தது. "பணத்தைக் குடுத்து நம்பரைச் சொல்லுங்க, அப்புறம் பிரிங்க" என்றார் டெலிவரிக்காரர்.

"ஏனுங்க, இதைப் படிங்க" என்று போனை அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"பிரிக்க விடலைன்னா திருப்பி எடுத்துட்டுப் போங்க. எனக்கு ஒண்ணும் நட்டமில்லீங்க."

அவர் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். பாய் கத்தியைக் கொடுத்து, என் போனில் படம் பிடித்தார். அறுத்தேன். உள்ளே துருப்பிடித்த கிரைண்டர் மூடி ஒன்று, சுற்றிலும் கிழிந்த சாக்கு. அட நாசமாப் போறவனுங்களா!

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க அக்கா." டெலிவரிக்காரர் முகம் வெளுத்துவிட்டது.

"உங்களைச் சொல்லலீங்க. எடுத்துட்டுப் போங்க."

அவர் வண்டியில் அதே மாதிரி இன்னொரு பெட்டி. மேலே பொன்னாயி பெயர். உடனே அவளுக்குப் போன் போட்டேன்.

"நம்பர் சொல்லிட்டியா?"

"இப்பத்தான்க்கா மெசேஜ் வந்துது. அவரு கேட்டா சொல்லலாம்னு..."

"வாயைத் திறந்தே, தொலைச்சுப்புடுவேன்! நம்பர் சொல்லாம இருந்தாத்தான் கட்டின காசைத் திருப்பிக் கேக்க முடியும். கெளம்பி வா. உன் கண்ணு முன்னாடிதான் பிரிக்கோணும்."

"வர ரெண்டு மணி நேரமாகுமே! மாடு கறக்கோணும்."

"மாப்பிள்ளை கறக்கட்டும். நீ பஸ் ஏறு சாமி."

டெலிவரிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "அவ்வளவு நேரம் நிக்க முடியாதுங்க."

நான் பொன்னாயியின் பெட்டியை வண்டியிலிருந்து இறக்கி, அதன்மேல் உட்கார்ந்தேன். பாய் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் டீ சொன்னார்.

மெஷின் இல்லை. மிளகு அறுப்புக்கு இன்னும் பத்து நாள்தான். ஆட்டுக் காசு என் இடுப்பில் பத்திரமாக இருந்தது. நல்ல மெஷினாகக் கண்ணால் பார்த்து வாங்கும்வரை மிதிக்கத்தான் வேண்டும். அதுவரை தனபாலைக் களத்தில் இறங்க விடமாட்டேன். என் கால் இருக்கிறது.